நேர்சிங் டிகிரியா, தாதியர் கல்லூரியா? தங்கச்சிக்கு ஒரு முடிவு சொல்ல வேண்டும்

படுவான்கரையான்:
எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம். தங்கச்சி ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) உயிரியல் பிரிவில் எடுத்தவள். மெடிசினுக்கு இசட் ஸ்கோர் புள்ளி போதவில்லை. இப்போது கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நேர்சிங் பி.எஸ்ஸி. கிடைத்திருக்கிறது. நடுவில் சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரிக்கும் போட்டிருந்தாள், அதற்கும் நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்துவிட்டது.

அப்பா கல்லூரிதான் என்கிறார். மூன்று வருடம், படிக்கும்போதே மாதாமாதம் கைக்குக் காசு, முடிந்த கையோடு அரசாங்க வேலை. அம்மா சொல்வது வேறு மாதிரி: "நாலு வருசம் கம்பஸுக்குப் போய்ப் படிச்சும் கடைசியில மிஸ்ஸிதானே கா?" மிஸ்ஸி என்றால் எங்கள் ஊரில் தாதி. தங்கச்சிக்குக் கம்பஸ் ஆசை. ஆனால் அங்கே எல்லாம் இங்கிலிஷில் என்றதும் ராத்திரி நித்திரை கொள்கிறாள் இல்லை. இரத்தம், பிணம் எதற்கும் பயமில்லாதவள், இங்கிலிஷுக்குப் பயப்படுகிறாள். நான் மேசன் வேலை, எனக்கு இதில் ஒன்றும் விளங்காது. படித்தவர்கள், வேலை செய்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
தம்பி, அப்பா சொல்வதைக் கேளுங்கள். வீட்டில் வருமானம் குறைவென்றால் மூன்று வருடக் கொடுப்பனவு சின்ன விஷயம் இல்லை. கம்பஸில் கட்டணம் இல்லை என்றாலும் சாப்பாடு, பஸ், போட்டோக்கொப்பி, வெள்ளைச் சப்பாத்து எல்லாம் யார் வாங்குவது? மகாபொல உதவிப்பணம் கிடைத்தாலும் 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் அது 5,000 இலிருந்து 7,500 ஆனது. இன்றைய விலைவாசியில் அது பாதி மாதத்துக்கும் காணாது. அதோடு நாலு வருடம் என்று சொல்வார்கள், நாலு வருடத்தில் எந்தக் கம்பஸில் யார் வெளியே வந்தது? மூடின காலம், போராட்டக் காலம் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். பிறகு நியமனத்துக்கு வேறு காத்திருக்க வேண்டும்.

மூன்றாம்வருடம்:
நான் இப்போது நேர்சிங் மூன்றாம் வருடம், மட்டக்களப்பில்தான். கணக்குப்பிள்ளை அண்ணா சொன்ன காசுக் கணக்கு பொய்யில்லை. என் வீட்டிலும் அதே சண்டை நடந்தது.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் இருக்கிற வந்தாறுமூலையில்தான் எல்லாம் என்று ஊரில் நினைக்கிறார்கள். சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் டவுன் பக்கம். மெடிசின் படிக்கிறவர்களும் நாங்களும் ஒரே பீடம். போதனா வைத்தியசாலைதான் எங்களுக்கு இரண்டாவது வகுப்பறை.

இங்கிலிஷ் பற்றித் தங்கச்சிக்கு நேராகச் சொல்கிறேன். முதல் மூன்று மாதம் அழுகைதான், பொய் சொல்லமாட்டேன். ஏ.எல்லில் நாடி, நாளம், குருதியமுக்கம், சிறுநீரகம் என்று எவ்வளவு அழகாகப் படித்தோம். அங்கே போனதும் அத்தனைக்கும் வேறு பெயர். பாடம் தெரியும், பெயர் தெரியாது. உள்ளுக்குள் இருக்கிற அறிவைத் திறக்கச் சாவி இல்லாத மாதிரி. நான் செய்தது என்னவென்றால் ஏ.எல். உயிரியல் புத்தகத்தைத் தூக்கிப் போடாமல் ஹொஸ்டலுக்குக் கொண்டுபோய், படங்களின் பக்கத்தில் பென்சிலால் இங்கிலிஷ் பெயரை எழுதினேன். இரண்டாம் செமஸ்டரில் எல்லாம் வழிக்கு வந்துவிட்டது. விரிவுரையாளர்களும் இந்தப் பக்கத்து ஆட்கள்தானே, வகுப்பு முடிந்து போய்க் கேட்டால் தமிழில் விளங்கப்படுத்துவார்கள்.

ஆனால் இங்கிலிஷ் பெரிய கஷ்டம் இல்லை என்பது ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போனபிறகுதான் தெரிந்தது. அதைவிடப் பெரிய மொழி ஒன்று அங்கே இருந்தது.

படுவான்கரையான்:
அது என்ன மொழி தங்கச்சி? சிங்களமா?

மூன்றாம்வருடம்:
இல்லை அண்ணா. எங்கட ஆச்சிமாருடைய தமிழ்.

முதல் கிழமை என்னை ஒரு அம்மாவிடம் விபரம் எடுக்க விட்டார்கள். செங்கலடிக்கு அங்கால ஒரு ஊர், அறுபது வயதிருக்கும். "என்னம்மா செய்யுது?" என்று கேட்டேன். "உடம்பெல்லாம் உளையுது மனே, ராவில காங்கை, விடியக்காலம் ஓங்காளம், ஒண்டுக்குப் போனா கடுக்குது" என்றார். நான் பேனையைப் பிடித்தபடி நிற்கிறேன். உளைவு என்றால் தசை நோவா, மூட்டு நோவா? காங்கை என்றால் காய்ச்சலா, வெறும் சூடா? ஏ.எல்லில் இந்தச் சொல் ஒன்றுகூட இல்லை, இங்கிலிஷ் புத்தகத்திலும் இல்லை. பக்கத்தில் நின்ற சிஸ்டர் ஒரு நிமிடத்தில் எழுதிவிட்டார்: காய்ச்சல், குமட்டல், சிறுநீர் போகும்போது எரிவு, உடம்பு நோ. பிறகு "இடுப்புக்கு மேல முதுகில தட்டினா நோகுதா?" என்று கேட்டு மெதுவாகத் தட்டிப் பார்த்தார். நொந்தது. சலத்தில் கிருமி, அது சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம் என்று டொக்டரிடம் சொன்னார். சலம் டெஸ்டுக்குப் போனது, அதுதான்.

ஒரே விஷயத்துக்கு எங்களிடம் மூன்று பெயர் இருக்கிறது. புத்தகத்தில் குருதியமுக்கம், லெக்சரில் பிளட் பிரஷர், கட்டிலில் "பிரசர் ஏறிட்டு". மூன்றுக்கும் நடுவில் ஓடித்திரிகிறதுதான் நேர்சிங் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

பழைய மிஸ்ஸி:
இந்தப் பிள்ளை எழுதினதைப் படித்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. நான் தாதியர் கல்லூரியில் படித்து, முப்பது வருடத்துக்கு மேல் கிழக்கு மாகாணத்து ஆஸ்பத்திரிகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். டிகிரி எடுக்கவில்லை. அதனால் நான் டிகிரிக்காக வாதாடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஒரு ராத்திரி டியூட்டி. மீன்பிடிக்கிற ஐயா ஒருவர், மகனுடைய சைக்கிளில் வந்து இறங்கினார். "ஒண்டுமில்லை மனே, காத்து அடைச்சிருக்கு, நெஞ்சு கரிக்குது, ஒரு மருந்து தா, போறன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. மாரி காலம், குளிர், இவருக்கு மட்டும் வேர்வை. நான் கேட்டேன், "ஐயா, அந்தக் கரிப்பு எங்க நிக்குது? விரலால காட்டுங்க." அவர் விரலால் காட்டவில்லை, உள்ளங்கையை விரித்து நெஞ்சின் நடுவில் வைத்தார். அவ்வளவுதான். கட்டிலில் படுக்கவைத்து ஈசிஜி எடுத்துக்கொண்டே டொக்டருக்கு ஆளனுப்பினேன். மாரடைப்பு. நெஞ்சு நோ என்று வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்று இப்போது படிப்பிக்கிறார்கள். நல்லது. ஆனால் அந்த ஐயா நெஞ்சு நோ என்று சொல்லவே இல்லையே. எங்கட ஆட்கள் வாய்வு என்றுதான் சொல்வார்கள். சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ள பொம்பிளைகள் அதுவும் சொல்லமாட்டார்கள், "களைப்பாக் கிடக்கு" என்பார்கள்.

நோவு எவ்வளவு என்று பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்லிப் பிள்ளைகள் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். வயலில் நிற்கிற மனிசனுக்கு அது விளங்காது. "நூறு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் நோகுது?" என்று கேட்டுப் பாருங்கள். "அறுபது ரூபா" என்று உடனே வரும். ஊசி போட்டு அரை மணித்தியாலம் கழித்துப் போனால் "இப்ப இருபது" என்பார்.

படுவான்கரைத் தம்பி, இதை ஏன் சொல்கிறேன் என்றால் உங்கள் தங்கச்சிக்கு இந்த மொழி ஏற்கெனவே தெரியும். வெல்லாவெளியில் வளர்ந்த பிள்ளை. டவுனில் டியூஷனும் வீடுமாக வளர்ந்த பிள்ளைக்கு இது கிடைக்காது. இங்கிலிஷ் படித்துக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை:
மிஸ் சொல்வது எல்லாம் சரி. ஆனால் நீங்களே கல்லூரி டிப்ளோமாவோடுதான் அந்த ஐயாவைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். அப்போ டிகிரி எதற்கு?

பழைய மிஸ்ஸி:
நியாயமான கேள்வி. காப்பாற்றியது டிகிரியும் இல்லை, டிப்ளோமாவும் இல்லை, எனக்கு முன்னால் நின்ற பழைய சிஸ்டர்மார் காட்டித் தந்தது. ஆனால் நான் முப்பது வருடத்தில் கண்டவற்றை ஒரு இடத்தில் எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரியாது. எத்தனை பேர் வாய்வு என்று சொல்லி வந்தார்கள், எத்தனை பேருக்கு மாரடைப்பு என்று கணக்கெடுத்து யாருக்காவது காட்டியிருந்தால் இளம் டொக்டர்மாருக்கும் பிரயோசனமாக இருந்திருக்கும். கம்பஸ் பிள்ளைகள் கடைசி வருடத்தில் ஆராய்ச்சி செய்கிறார்கள்தானே. அதைக் கண்டு எனக்குக் கொஞ்சம் பொறாமை.

மூன்றாம்வருடம்:
ஓம் மிஸ். புள்ளிவிபரவியல் எதற்கு என்று நாங்களும் முதலில் புறுபுறுத்தோம். பிறகு நைட்டிங்கேல் பற்றி ஒரு லெக்சர் வந்தது. விளக்கோடு நடந்தவர் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். கிரிமியா யுத்தத்தில் சிப்பாய்கள் காயத்தால் செத்ததைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் செத்ததுதான் மிக அதிகம் என்று வரைபடம் போட்டு அரசாங்கத்துக்குக் காட்டியவரும் அவர்தான். மே 12 தாதியர் தினத்துக்கு மெழுகுதிரி கொளுத்துகிறோம், வரைபடத்தைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

கல்முனை நானா:
ஆம்பிளைகள் யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். நான் நேர்சிங் டிகிரி முடித்து அம்பாறை மாவட்டத்தில் வேலை. "தம்பி, மிஸ்ஸி எங்க?" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேர் கேட்பார்கள். நான்தான் மிஸ்ஸி என்று சொல்லிவிட்டு ஊசியை எடுப்பேன். பழகிவிட்டது.

தங்கச்சிக்கு இரண்டு விஷயம் சொல்லவேண்டும். ஒன்று கணக்கு. உயிரியல் பிள்ளைகள் கணக்கு தொலைந்தது என்று நினைத்து வருவார்கள், தொலையாது. ஒரு லீட்டர் சேலைன் எட்டு மணித்தியாலத்தில் ஏறவேண்டும், சேலைன் குழாய் செட் 20 துளிக்கு ஒரு மில்லிலீட்டர் என்றால் நிமிடத்துக்கு 42 துளி. அதையே 60 துளி மைக்ரோ செட்டில் விட்டால் 125. மைக்ரோ செட்டில் மணித்தியாலத்துக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கும் அத்தனை துளி, இதை மனதில் போட்டால் வாழ்க்கை லேசு. 12 கிலோ பிள்ளைக்குப் பரசிற்றமோல், கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று டொக்டர் எழுதினால் 180. சிரப்பில் 5 மில்லிக்கு 120 இருக்கிறது. அப்போ ஏழரை மில்லி. இதெல்லாம் ராத்திரி மூன்று மணிக்கு, பிள்ளை கத்த, தாய் அழ, தலைக்குள் ஓடவேண்டும். போனில் கல்குலேட்டர் இருக்கிறதுதான், ஆனாலும் விடை ஏறத்தாழ என்ன என்று முதலே தெரியாவிட்டால் ஒரு பூச்சியம் கூடினது கண்ணில் படாது.

இரண்டாவது, நான் விட்ட பிழை. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். வயலில் விரியன் கடித்து ஒருவர் வந்தார். இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிட டெஸ்ட். இரத்தத்தை எடுத்துச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு ஒரே தரம் சரித்துப் பார்க்கவேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் வேலை செய்கிறது. நான் புதுசு, பதற்றம், ஐந்தாம் நிமிடம் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். பிறகு ஏழாம் நிமிடம். சிஸ்டர் கண்டுவிட்டார். ஏசவில்லை. புதுக் குழாய் எடுத்துத் தந்து, "திரும்ப எடுங்க, இந்த முறை குழாய்க்குப் பக்கத்தில நிக்காதீங்க" என்றார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, டொக்டர் மற்ற அறிகுறிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஏன் கண்ணாடி, ஏன் பிளாஸ்ரிக் இல்லை என்பதை அன்றிரவு புத்தகத்தை எடுத்துத் தேடினேன். கண்ணாடியின் மேற்பரப்புத்தான் உறைதலைத் தொடக்கி வைக்கிறது. பிளாஸ்ரிக்கில் சாதாரண இரத்தமும் உறையப் பிந்தும், நல்லவனையும் விஷம் ஏறினவன் என்று நினைத்துவிடுவோம். சவர்க்காரம் மிச்சமிருக்கிற குழாயும் அப்படித்தான்.

ஏன் என்று தேடுகிற அந்தப் பழக்கம் எனக்குக் கம்பஸில் வந்தது. கல்லூரியில் வராது என்று சொல்லவில்லை. எனக்கு அங்கே வந்தது.

கணக்குப்பிள்ளை:
நல்லா எழுதியிருக்கிறீங்கள் நானா. ஆனால் உங்கள் வாட்டில் டிப்ளோமா ஆட்களும் நீங்களும் ஒரே டியூட்டிதானே? காலை, பின்னேரம் ஆறு மணித்தியாலம், ராத்திரி பன்னிரண்டு. ஒரே கட்டில், ஒரே ட்ரொலி.

கல்முனை நானா:
ஒரே டியூட்டிதான். நியமனம் வரும் வரைக்கும் வீட்டில் இருந்த மாதங்களையும் மறைக்கமாட்டேன். அந்தக் காலத்தில் உம்மாவின் நகை அடைவில் இருந்தது. கணக்கில் நீங்கள்தான் சரி.

இன்னொன்று. நோன்பு காலத்தில் சீனி வருத்தக்காரர் இன்சுலினை, குளிசையைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வந்து விழுவார்கள். "ஏன் போடேல்ல?" என்று கேட்டால் வாய் திறக்கமாட்டார்கள். "ஸஹருக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று அந்த விடியப்புறச் சாப்பாட்டில் தொடங்கினால் எல்லாம் வரும். நோன்புக்கு ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் சொல்லி, டொக்டரைக் கொண்டு நேரத்தையும் அளவையும் மாற்றி எழுதிக்கொடுக்கலாம். பழைய மிஸ்ஸி சொன்ன மொழி விஷயத்தில் இதையும் சேருங்கள். அம்பாறைப் பக்கம் வந்தால் சிங்களமும் வேண்டும். "கொஹேத ரிதென்னே?", எங்கே நோகுது என்று அர்த்தம். இந்த ஒன்றோடு தொடங்கினால் மிச்சத்தை நோயாளிகளே படிப்பிப்பார்கள்.

பனிக்காட்டுப் பிள்ளை:
இங்கிலாந்தில் இருந்து எழுதுகிறேன், ஊர் களுவாஞ்சிகுடி. வெளிநாட்டுக் கதை வரும் என்று பார்த்தேன், வரவில்லை, நானே சொல்கிறேன். இங்கே பதிவுக்கு முதலில் இங்கிலிஷ் பரீட்சை, பிறகு கணினியில் ஒரு பரீட்சை, பிறகு நேரில் செய்துகாட்டுகிற ஒரு பரீட்சை. மூன்றும் காசு, மூன்றும் நேரம். கம்பஸில் நாலு வருடம் இங்கிலிஷில் எழுதினவர்களுக்கு முதலாவது கொஞ்சம் லேசு. டிப்ளோமாவோடு வந்து நல்லா இருப்பவர்களும் என்னோடு வேலை செய்கிறார்கள்.

இங்கேயும் வயதான தமிழ் ஆட்கள் வருவார்கள். மொழிபெயர்ப்பாளர் போனில் "வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். அந்த அம்மாவுக்கு வலி என்றால் வலிப்பு. "எனக்கு வலி ஒருநாளும் வந்ததில்லை" என்று சொல்லிவிட்டார். நான் ஓடிப்போய் "எங்கம்மா நோகுது?" என்று கேட்டேன். கையைப் பிடித்தவர் விடவில்லை.

கணக்குப்பிள்ளை:
இதைத்தான் சொல்கிறேன். அரசாங்கம் இலவசமாகப் படிப்பிக்கிறது, பிள்ளைகள் பறந்துவிடுகிறார்கள். வாட்டில் ஆள் இல்லை.

பனிக்காட்டுப் பிள்ளை:
அண்ணா, எனக்கும் அது குத்துகிறதுதான். அதற்கு வேறு இழை தொடங்குங்கள், வந்து அடி வாங்குகிறேன்.

பழைய மிஸ்ஸி:
சண்டை பிடிக்காதீர்கள் மக்கள். தம்பிக்கு முடிவு சொல்வோம். வீட்டில் அடுத்த மாத அரிசிக்கு வழியில்லை என்றால் கல்லூரி. அதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. மூன்று வருடம் முடித்து, பதிவெடுத்து, வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் நேர்சிங் டிகிரி செய்யலாம். அந்தக் கதவு 1990களிலிருந்தே திறந்துதான் கிடக்கிறது, என்னோடு வேலை செய்த இரண்டு பேர் பிள்ளை குட்டியோடு படித்து முடித்தார்கள். ஆனால் நாலு வருடம் தள்ளிப் பிடிக்க உங்களால் முடியும் என்றால் அவளைக் கம்பஸுக்கு விடுங்கள். இருபது வயதில் முழுநேரமாக உட்கார்ந்து படிப்பதும், நாற்பது வயதில் ராத்திரி டியூட்டி முடித்துக் கண் சொருகப் படிப்பதும் ஒன்றில்லை.

அம்மாவுக்கும் ஒன்று சொல்லுங்கள். "மிஸ்ஸிதானே" என்று சொன்னவர்கள் எத்தனையோ பேருக்கு நான் கடைசித் தண்ணீர் பருக்கியிருக்கிறேன்.

படுவான்கரையான்:
எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் இவ்வளவையும் வீட்டில் வாசித்துக் காட்டினேன். பழைய மிஸ்ஸி எழுதின கடைசி வரியில் அம்மா எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சாப்பிடும்போது, "மண்முனைப் பாலம் வந்த பிறகு டவுனுக்குப் போய்வாறது முந்தி மாதிரிக் கரைச்சல் இல்லைதானே" என்றார். அவர் சம்மதம் சொல்லும் விதம் அதுதான். நான் இரண்டு வேலை கூட எடுத்தால் சமாளிக்கலாம்.

தங்கச்சி மூன்றாம்வருடம் பிள்ளையிடம் கேட்கச் சொன்னாள்: ஏ.எல். புத்தகத்தை யாருக்கோ கொடுத்துவிட்டாளாம், திரும்ப வாங்கவா? வேறு என்ன வாங்கவேண்டும்?

மூன்றாம்வருடம்:
புத்தகத்தை இன்றைக்கே திரும்ப வாங்கச் சொல்லுங்கள் அண்ணா! ஸ்டெதஸ்கோப் எல்லாம் பிறகு, அங்கே போய் சீனியர் அக்காமாரிடம் கேட்டு வாங்கலாம். இப்போதைக்குச் செக்கன் முள் உள்ள ஒரு மணிக்கூடு போதும். டிஜிட்டல் வேண்டாம், போனும் வேண்டாம். நாடி பிடிக்கும்போது ஒரு கண் முள்ளில், மற்றக் கண் ஆளில் இருக்க வேண்டும்.

கல்முனை நானா:
முள் சிவப்பு நிறமாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ராத்திரி வாட் லைட்டில் கறுப்பு முள் தெரியாது.